ஒன்பதாம் நம்பர் மலையில் பொலி சொல்லாத நாள்

பெரியாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் இருக்கும் அவள் மகள் ஜெயலெட்சுமி எழுதியிருக்கிறாள். கடல் தாண்டி வந்த கடிதம் பதுளையில் ஒரு வாரம் கிடந்து, மடுல்சீமைத் தபாற்கந்தோரில் இன்னொரு வாரம் கிடந்து, என் கைக்கு வந்தபோது அங்கே கருமாதியே முடிந்திருக்கும். கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி: "புலிக் கதையைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்தவர். நடந்ததை எழுதி அனுப்புங்கள் ஐயா."

எழுதத்தான் வேண்டும். ஆனால் ஜெயலெட்சுமிக்குத் தெரிந்தது முக்கால் கதை. மீதிக் கால் பங்கை அவள் அம்மா அவளிடம் மறைத்தாள், என்னையும் மறைக்கச் சொன்னாள். பன்னிரண்டு வருடம் மறைத்தேன். இனிமேல் என் வாய் நிற்காது.

என் பெயர் கணபதி. மடுல்சீமையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் ஏறினால் வரும் தோட்டத்தில், மேல்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேற்பிரிவில், இருபத்தொன்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். பெயரைக் கேட்டு நான் மேசையில் உட்கார்ந்து எழுதினவன் என்று நினைக்க வேண்டாம். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, பெயர் போட்டு, எந்த நம்பர் மலைக்கு, அதாவது எந்தத் தேயிலைத் துண்டுக்கு, யார் என்று பிரித்து அனுப்பி, பின்னாலேயே போய் நின்று வேலை வாங்குகிறவன். கத்துவதுதான் என் தொழில். இன்றைக்கும் என் மனைவி, "மெதுவாப் பேசுங்க, இது பெரட்டுக்களம் இல்ல" என்கிறாள்.

பெரியாயி அந்த மேல்கணக்கில் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்திலேயே, பிறந்தவள். பன்னிரண்டு வயதில் கூடை தூக்கினாள், பதினேழில் அழகருக்கு வாழ்க்கைப்பட்டாள். பெற்றது நாலு, தங்கியது ஜெயலெட்சுமி ஒருத்தி. கட்டையான உடம்பு, நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முடி கழன்ற ஒரு தடம். வாய் என்னுடையதைவிடப் பெரிது. நான் கத்திக்கொண்டு வந்தால், "என்னங்க ஐயா, காலங்காத்தால வீட்டுல அம்மா தேத்தண்ணி குடுக்கலீங்களா? எங்க மேல பாயிறீங்க!" என்பாள். முப்பது பெண்களும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

கொழுந்தெடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து நின்றதும், முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று குரல் கொடுப்பார்கள். கூடை நிறையட்டும், வீடு நிறையட்டும் என்று அர்த்தம். யார் முதலில் சொல்வது என்பதற்கும் முறை இருக்கிறது, ராசியான குரல் வேண்டும். எங்கள் மேல்கணக்கில் அது பெரியாயி. அவள் "பொலியோ பொலி" என்று இழுத்தால் எதிர்மலை திருப்பிச் சொல்லும். அதன் பிறகுதான் மற்றவர்கள் சொல்வார்கள். லயத்தில் சாவு விழுந்தால் மட்டும் பொலி கிடையாது. அன்றைக்கு ஊமையாகக் கொழுந்தெடுப்பார்கள். இழவு கண்டவள் காதில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு.

கண்ணும் அவளுக்குக் கூர்மை. நாங்கள் தேயிலையைப் பார்ப்போம், அவள் தேயிலைக்குள் இருப்பதைப் பார்ப்பாள். "மூணாம் நம்பர் ஆத்துல நீர்நாய் குட்டி போட்டிருக்குங்க." "நேத்து அழுங்கு ஒண்ணு கான்ல சுருண்டு கெடந்துச்சு, பந்து மாதிரி." அடுப்பு மூட்டிவிட்டு விடிகாலை வாசலில் நிற்கும்போது தேவாங்கின் கண்ணை மரத்தில் பார்த்துச் சொல்வாள். எனக்கு அதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல். "கொழுந்தைப் பாரு புள்ள!" என்று கத்துவேன்.

இனி அந்த எழுபத்து நாலாம் வருடம். வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அரிசியைக் கண்ணால் காண முடியாது. மாவும் வேலைக்குப் பெயர் விழுந்த நாளுக்குத்தான். மரவள்ளிக் கிழங்கு முடிந்து இலையையும் அவித்துத் தின்றார்கள். பதுளை பஸ் நிலையத்தில் எங்கள் தோட்டத்து ஆட்கள் கை நீட்டி நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தெரியாதவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அந்தப் பசியில்தான் அழகர் கம்பி போட ஆரம்பித்தான். பயந்த சுபாவம் உள்ளவன், துரையின் ஜீப்புச் சத்தம் கேட்டாலே ஒதுங்குகிறவன். சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, தேயிலைத் தூரில் முறுக்கிக் கட்டி, காட்டுப்பன்றி வரும் தடத்தில் வைப்பான். ஆட்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தச் செடியின் தலையில் பெரியாயியின் பழைய நீலச் சேலையில் கிழித்த ஒரு துண்டைக் கட்டிவிடுவான். நீலத் துணி தெரிந்தால் விலகிப் போக வேண்டும் என்று லயத்துக்கே தெரியும். பன்றியோ கேளையாடோ முள்ளம்பன்றியோ விழுந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு போகும்.

எனக்கும் வரும். ஒளிப்பானேன்? எது விழுந்தாலும் ஒரு தொடை கணக்கப்பிள்ளை வீட்டுக்கு என்பது எழுதாத சட்டம். வாழை இலையில் சுற்றிப் பெரியாயி கொண்டுவந்து பின்வாசலில் வைப்பாள். நானும் ஏது என்று கேட்டதில்லை. ஒரு தடவை பதுளைக் கடைவீதியில் மஹ்ரூப் நானா தன் இரும்புச் சாமான் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "என்ன கணபதி அண்ணே, ஒங்கட தோட்டத்துல எல்லாரும் சைக்கிள் வாங்கிட்டாங்களா? பிரேக் கம்பியாக் கேட்டு வாராங்களே!" எங்கள் தோட்டத்தில் சைக்கிள் ஓட்ட சமதரை இருபது அடி கிடையாது. அவருக்கும் அது தெரியும். இருவரும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினோம்.

அந்தப் பசிக் காலத்தில் கொழும்பிலிருந்து ஓர் ஐயா வந்தார். மிருகங்களைக் கணக்கெடுக்கிறவர், கண்ணாடி போட்ட இளைஞர். தட்டித் தடவித் தமிழ் பேசினார். பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் மிருகங்கள் உலகத்தில் நாலாயிரம் வகைக்கு மேல் உண்டாம். அவற்றில் பல, நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகின்றனவாம். எங்கே எது மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யலாமாம். துரை அவரை என்னிடம் தள்ளிவிட்டார். அவர் ஒரு படிவத்தைக் கொடுத்து, நிரப்பித் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு மிருகத்துக்கும் எதிரே மூன்று கட்டம்: நிறைய, கொஞ்சம், இல்லை.

எனக்கு என்ன தெரியும்? கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெரியாயியைக் கூப்பிட்டேன்.

"பால் குடுக்குற சாதி எல்லாம் எழுதணுமாம். சொல்லு."

"பால் குடுக்குற சாதின்னா எங்களையும் எழுதணுமே ஐயா!" என்றாள் உடனே. "மேல்கணக்குப் பொம்பளைக. எந்தக் கட்டத்துல போடுவீங்க? கொஞ்சம்னு போடுங்க. அடுத்த மாசம் வந்தா இல்லைன்னு போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தங்கை கருப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் ஒன்பது மாதக் குழந்தை வற்றிப்போன முலையைச் சப்பிவிட்டு அழுதுகொண்டிருந்தது.

பெரியாயி சொல்லச் சொல்ல எழுதினேன். மந்தி நிறைய. முயல் நிறைய. மலை அணில் கொஞ்சம். மரை கொஞ்சம், அதுவும் உச்சிக் காட்டில். நீர்நாய் கொஞ்சம். அழுங்கு, "இனி எங்கங்க? தின்னாச்சு." அப்புறம் சிறுத்தைக்கு வந்தேன். எங்கள் ஆட்கள் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள்.

"புலி?"

அவள் கூடையைச் சரிசெய்தாள். "இல்லீங்க. எங்க தாத்தா காலத்துல இருந்துச்சாம்."

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

அது பொய். புலி இருந்தது. எட்டாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் நடுவில் ஓடும் ஓடைக்கரையில் மூன்று மாதமாக ஒரு பெட்டைப்புலி படுத்திருந்ததைப் பெரியாயி பார்த்திருக்கிறாள். எட்டாம் நம்பரில் இவள் பொலி சொன்னால் அது எழுந்து, சோம்பல் முறித்து, மேலே ஆளுயர மானாப்புல்லுக்குள் போய்விடும். மறுபடி இவர்கள் இறங்கிய பிறகு வரும். அதற்கும் இவளுக்கும் ஓர் உடன்பாடு மாதிரி. அதனால் இவளுக்குப் பயமே இல்லை. இருக்கிறது என்று சொன்னால் வனவிலங்கு இலாகா ஆட்கள் மலை ஏறுவார்கள், நீலத் துணியைப் பார்ப்பார்கள், அழகரைப் பிடித்துப் போவார்கள். அந்தப் பயம்தான் இருந்தது. இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

பத்து நாள் கழித்துக் கருப்பம்மாவின் குழந்தை செத்தது. மாலையிலேயே புதைத்துவிட்டார்கள். மறுநாள் பெரட்டுக்களத்தில் பெண்கள் வந்து நின்றார்கள், கருப்பம்மாவும் கூடையோடு நின்றாள். பெயர் விழாவிட்டால் மாவு இல்லை. நான் அவளை வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் பெயரைப் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. துரைக்குப் பயந்தேன். அந்தப் பயத்தை மறைக்க, "ஒன்பதாம் நம்பர்! ஒரு மாசமாக் கை படாத மலை! வெரசா நடங்க!" என்று கத்தினேன்.

ஒரு மாதம் கொழுந்தெடுக்காததால் ஒன்பதாம் நம்பர் கண்டபடி வளர்ந்து கிடந்தது. தளிர் ஒரு முழம் எழும்பி நின்றது. பனி இன்னும் கலையவில்லை. நிரை பிரித்தேன். ஜெயலெட்சுமிக்குப் பதினாலு வயது, பெயர் பதிந்து இரண்டு மாதம்தான். "கடைசி நிரை நீ போ" என்று ஓடைப் பக்கத்தைக் காட்டினேன். நான்தான் காட்டினேன், இந்தக் கையால்.

பெண்கள் பெரியாயியைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். இன்றைக்குப் பொலி இல்லை. எல்லோரும் பேசாமல் கொழுந்தில் கை வைத்தார்கள். மூக்கு உறிஞ்சும் சத்தமும் கிள்ளும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

நான் மேலே ரோட்டில் நின்றேன். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். கடைசி நிரையில் "விருட்" என்று ஒரு சத்தம். ஜெயலெட்சுமி "அம்மா" என்றாள். கத்தவில்லை. தண்ணீர் கேட்பது போலத்தான் சொன்னாள்.

அவள் இடது கால் சுருக்கில் மாட்டியிருந்தது. நீலத் துணி இருந்தது, ஆனால் புதுத் தளிர் வளர்ந்து அதை மூடிவிட்டது. அவள் காலை இழுத்தாள், கம்பி இறுகியது. அப்போதுதான் அவளுக்கு முன்னால், மூன்று முழத் தூரத்தில், தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் இரண்டு குட்டிகள் கிடப்பதைப் பார்த்தேன். பூனைக் குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஓடையிலிருந்து தாய் ஏறி வந்து நின்றது.

கடவுளே! வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. காது இரண்டும் பின்னால் படிந்திருந்தது. வயிறு மண்ணில் தேய, வால் நுனி மட்டும் அசைய, தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். அது பிள்ளையையே பார்த்தது. பிள்ளை விலகி வழிவிட வேண்டும். அவளால் ஓரடி நகர முடியாது. அது புலிக்கு எப்படித் தெரியும்?

பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். நான் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"வாய மூடுங்கடி!" என்றாள் பெரியாயி. பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, கல்லக் கீழ போடுங்க. அங்கயே நில்லுங்க. ஒங்க சத்தம் அதுக்குப் பழக்கமில்ல." மலையில் எனக்கு அப்படி உத்தரவு போட்டவர்கள் இல்லை. கல் என் கையிலிருந்து தானாக விழுந்தது.

அவள் கருப்பம்மாவைப் பார்த்தாள். தங்கை நேற்றுப் பிள்ளையைப் புதைத்தவள். பெரியாயியின் முகம் கோணியது. "மன்னிச்சிரு தாயி" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தாள்.

"பொலி..."

குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மறுபடி இழுத்தாள். "பொலியோ... பொலி..."

புலியின் ஒரு காது எழும்பியது.

தனிக்குரல் போதவில்லை. தினமும் அது கேட்பது முப்பது குரல். மற்றவர்கள் கருப்பம்மாவைப் பார்த்தார்கள், அவள் முன்னால் எப்படிச் சொல்வது? கருப்பம்மா இரண்டு கையாலும் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் சொன்னாள். "பொலி. பொலி." அவள்தான் இரண்டாவதாகச் சொன்னாள். அதன் பிறகு அத்தனை பேரும் சொன்னார்கள். கத்தாமல், ஓடாமல், தினமும் சொல்லும் இழுப்பில். நான் அழுதேன். ஆம்பளை அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

புலி தலையைத் தூக்கி வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தது. பிறகு கானுக்குள் இறங்கி, ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு மானாப்புல்லுக்குள் ஏறியது.

இன்னொரு குட்டி கிடந்தது. தாய் திரும்பி வரும்.

பெரியாயி கூடையை இறக்கினாள். கையில் மட்டக்கம்பு மட்டும் இருந்தது, செடியின் மட்டம் பார்த்துக் கொழுந்தெடுக்க அவர்கள் செடிமேல் வைக்கும் மெல்லிய கம்பு. பொலி சொல்லிக்கொண்டே நிரைக்குள் நடந்தாள். மகளிடம் போய் உட்கார்ந்தாள். சுருக்கைத் தொட்டால் இன்னும் இறுகும். தூரில் கட்டிய முறுக்கைத்தான் அவிழ்க்க வேண்டும். அங்கே அவள் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். நீலத் துணியைத் தளிருக்குள் கண்டுவிட்டாள். தன் சேலை, தன் புருஷன் முறுக்கு.

"அம்மா வலிக்குது."

"பேசாத. பொலி சொல்லு."

மட்டக்கம்பின் நுனியை முறுக்குக்குள் நுழைத்துத் திருப்பினாள். ஒரு சுற்று விட்டது. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் கம்பு படீர் என்று முறிந்தது.

அந்தச் சத்தத்துக்குப் புலி வந்துவிட்டது. புல்லின் ஓரத்தில் நின்றது. பத்தடி இருக்குமா? இருக்காது. மேலே பெண்களின் குரல் தடுமாறியது. கருப்பம்மா மட்டும் தடுமாறவில்லை, அவள் குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவை திரும்பவும் சேர்ந்தன.

பெரியாயி எழவில்லை. புலிக்கு முதுகைக் காட்டாமல், மகளைத் தன் உடம்புக்குப் பின்னால் இழுத்து, கானை விட்டு எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கினாள். கம்பி விட்ட நீளம் ஒரு முழம். அந்த ஒரு முழம் வழியை அதற்குக் கொடுத்தாள். வாய் மட்டும் பொலி, பொலி என்று முணுமுணுத்தது.

அது வந்தது. ஒரு காலை எடுத்து வைக்கும், நிற்கும். அவள் கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். குட்டியைக் கவ்வியது. கவ்வியபடியே நிமிர்ந்து பெரியாயியைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்க வேண்டாம். பிறகு திரும்பி ஏறிப் போனது. புல் அசைவது நின்ற பிறகுதான் பெரியாயி பல்லால் கடித்து மிச்ச முறுக்கை அவிழ்த்தாள்.

ஜெயலெட்சுமிக்குத் தெரிந்த கதை இதோடு முடிகிறது. அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். காலில் தழும்பு இருக்கிறது அல்லவா, பிள்ளைகளுக்கு அதைக் காட்டட்டும்.

இனிச் சொல்வது அவளுக்குத் தெரியாதது.

அன்று பின்னேரம் பெரியாயி என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். பின்னால் அழகர் தலையைக் குனிந்து வந்தான். அவள் கூடையைக் கவிழ்த்தாள். கம்பிச் சுருக்குகள் சிமெந்தில் விழுந்தன.

"பதினொண்ணு இருக்குங்க. இவரு போட்டது பன்னெண்டு. பன்னெண்டாவது எங்கன்னு இவருக்குத் தெரியல. காய்ச்சலோட போய் வெச்சாராம், மழையில துணியும் போயிருச்சு."

அழகர் என் காலில் விழுந்தான். "எம் புள்ளைக்கு நானே வெச்சேனே ஐயா!" நான் வாயைத் திறந்து திட்டப் போனேன். உள்ளே அடுப்பில் பன்றிக்கறி கொதிக்கும் வாசனை வந்தது, போன வாரத்துத் தொடையை என் மனைவி உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

பெரியாயி பொய் சொன்னதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். "இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க அந்தப் பக்கம் புள்ளையை அனுப்பியிருக்க மாட்டீங்க. இழவு நெனப்புல நானும் அத மறந்து நின்னுட்டேன். எம் பொய்யிதான் எம் புள்ள காலப் புடிச்சுது. இப்ப எழுதிப் போடுங்க ஐயா. தாயி ஒண்ணு, குட்டி ரெண்டு. அந்த ஐயா வந்து அதக் காப்பாத்தட்டும். எம் புள்ளைய விட்டுட்டுப் போன உசிரு அது. இவரைப் புடிச்சாலும் புடிக்கட்டும்."

"எழுதுறேன்" என்றேன். எழுதினேன். நல்ல தாளில், சிறுத்தை மூன்று, தாய் ஒன்று குட்டி இரண்டு, முன்னர் அனுப்பியது பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறைக்குள் வைத்து முகவரியும் எழுதினேன்.

தபாலில் போடவில்லை.

இலாகா வந்தால் பன்னிரண்டாவது கம்பியைத் தேடுவார்கள், கம்பி யாருடையது என்று கேட்பார்கள், தொடை எந்த வீட்டுக்குப் போனது என்று கேட்பார்கள். என் வேலை போகும். அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பெரியாயி தினமும் கொழுந்து நிறுக்கும்போது, "போட்டாச்சுங்களா?" என்று கேட்பாள். "போட்டாச்சு" என்பேன். "ஏன் இன்னும் வரல?" "கொழும்புல ஆயிரம் வேலை இருக்கும் புள்ள." வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போக மாட்டாள். ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சுருக்குக்காக, ஒன்பதாம் நம்பரிலும் ஓடையிலும் மானாப்புல்லிலும் குத்திக் குத்தித் தேடுவாள். அழகரும் தேடுவான். காலையில் பொலி சொன்னதும் முதல் கொழுந்தைப் போடாமல் கொஞ்ச நேரம் மேலே பார்த்து நிற்பாள். புல் அசைந்தால் முகம் மலரும்.

கம்பிகளைக் கொண்டுவந்து போட்டதிலிருந்து பதினெட்டாம் நாள் புல் அசையவில்லை. பத்தொன்பதாம் நாளும் இல்லை. அன்று ஓடைக்கு மேலே குட்டி ஒன்று கத்துவது கேட்டது. தாய் பக்கத்தில் இருக்கும் என்று பெண்கள் கிட்டப் போகப் பயந்தார்கள். இருபத்தோராம் நாள் கத்தலும் நின்றது, காக்கை சுற்றியது.

பெரியாயி தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். கையால்தான் கூப்பிட்டாள். போனேன். பன்னிரண்டாவது கம்பி செத்துக் கிடந்த தாய்ப்புலியின் இடுப்பில் இருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண் பறிந்து கிடந்தது, கட்டியிருந்த மரத்தின் பட்டை முழுக்க நகம். குட்டிகளில் ஒன்று அதன் மடியில் வாய் வைத்தபடியே செத்துக் கிடந்தது. மற்றதை நாங்கள் காணவேயில்லை.

பெரியாயி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருப்பம்மாவின் குழந்தை செத்த அன்று அதை மடியில் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்தாளோ அப்படி உட்கார்ந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "பெரியாயி, நான் அந்தக் கடிதத்தைப் போடவே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் போதும், அவளுக்கு வாயா இல்லை?

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிப் போடாதீங்க ஐயா. புள்ளைக்கும் சொல்லிராதீங்க. நான் மொதல்ல சொன்னத நீங்க எழுதுனீங்களே, இல்லைன்னு. அதுவே இருக்கட்டும். இப்ப அது பொய் இல்ல."